அந்தரத்தில் முறுக்கிய போல்ட்

ஆனைமடைக்கு ரோடு பிரிகிற விலக்கில் சொர்ணக்கிளியின் சின்னக் கார் பின்பக்கத்தை ஒரு சாண் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றதே, அந்தக் கதையை அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். காரணம் மட்டும் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். கிரகணத்துக்கு மறுநாள் நடந்தது அது என்பார் ஒருவர், விலக்கில் இருக்கிற இசக்கியம்மனுக்குக் கோபம் என்பார் இன்னொருவர். கோபம் என்னவோ வாஸ்தவம்தான். ஆனால் அது அம்மனுடைய கோபம் இல்லை, சொர்ணக்கிளியுடையது, அந்தக் கோபத்தின் ருசி அந்த வட்டாரத்தில் தோசை தின்கிற அத்தனை பேருக்கும் தெரியும், ஏனென்றால் அந்தத் தோசைக்கு மாவு அவள் அரைத்தது.

கோழி கூப்பிடுவதற்கு முன் எழுந்து, கிரைண்டரை ஓடவிட்டு, முந்தின நாள் ஆட்டி வைத்துப் பொங்கிய மாவை எவர்சில்வர் அண்டாக்களில் நிரப்பி, விலக்கில் இருக்கிற கடைகளுக்கும் அதைத் தாண்டி இருக்கிற ஊர்களுக்கும் கொண்டுபோய்ப் போடுவது அவள் தொழில். கார் வருவதற்கு முன்னால் டவுன் பஸ்ஸில்தான் போனாள். அண்டாவுக்கு டிக்கெட் கேட்ட கண்டக்டர்களோடு சண்டை போட்டு, சேலையில் மாவு சிந்திவிட்டது என்று கத்திய பெண்களோடு சண்டை போட்டு, இடுப்பெலும்பு தேயத் தேயப் போனாள். அப்படிப் போய்ப் போய்ச் சேர்த்ததோடு, அப்பா போட்ட சங்கிலியையும் விற்று, ஒரு டாக்டரம்மா ஓட்டிக் கழித்த சின்னக் காரை வாங்கி, தானே ஓட்டப் படித்து, முதல் நாள் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு விலக்கைத் தாண்டியபோது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதாள். சந்தோஷத்தில் அவள் அழுதது ஆயுசில் அந்த ஒரு தடவைதான்.

ஆனால் பாருங்கள், கார் என்று ஒன்று வாசலில் நின்றுவிட்டால் அதற்குப் பின்சீட்டு என்று ஒன்று இருக்கும், பின்சீட்டு என்று ஒன்று இருந்துவிட்டால் அதில் உட்கார ஒரு பெரியத்தான் வந்து வாய்ப்பார். சொர்ணக்கிளிக்கு வாய்த்த பெரியத்தான் செந்தூர்பாண்டி, அவள் புருஷன் லிங்கதுரையின் அண்ணன், உரக்கடை முதலாளி, ஆள் நல்ல கனம். லிங்கதுரை அந்தக் கடையில்தான் மூட்டை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தான். கல்யாணம், துஷ்டி என்கிற சாவு வீடு, கோயில் கொடை, நிலத்தகராறு, பல்வலி, எதுவாக இருந்தாலும் செந்தூர்பாண்டி வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து பின்சீட்டில் இடது கதவோரம் உட்காருவார். அந்தப் பக்கம்தான் வெற்றிலைச் சாறு துப்ப வசதி. முன்சீட்டில் ஒரு நாளும் உட்கார்ந்தது கிடையாது, வண்டி ஓட்டுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்தால் கௌரவம் என்ன ஆவது.

அந்தக் குடும்பத்தில் புருஷனின் அண்ணனும் தம்பி பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் கிடையாது. பழைய காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கும், பெரிய வீடு, ஏழெட்டு அறை, ஒதுங்கிப் போக இடம். ஒரு சின்னக் காருக்குள் அந்த வழக்கத்தை ஏற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பின்னால் இருந்து செந்தூர்பாண்டி, "லிங்கம், மெதுவா ஓட்டச் சொல்லு" என்பார். சொர்ணக்கிளியின் காதுக்கும் அவர் வாய்க்கும் ஒரு முழம் தூரம்கூட இருக்காது. முன்சீட்டில் இருக்கிற லிங்கதுரை அவள் பக்கம் திரும்பி, "மெதுவா ஓட்டணுமாம்" என்பான். "ஏற்கெனவே மெதுவாத்தான் போகுதுன்னு சொல்லுங்க" என்பாள் அவள். அவன் பின்னால் திரும்பி, "மெதுவாத்தான் போகுதாம்ணே" என்பான். இப்படியே திருச்செந்தூர் வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் நேராக ஒரு வார்த்தை சொன்னதில்லை, காரை அவள் கார் என்று சொன்னதும் இல்லை.

குலதெய்வத்துக்குக் கொடை கொடுத்துவிட்டுத் திரும்பி வந்த அன்றைக்குத்தான் அது நடந்தது. செந்தூர்பாண்டியின் மகள் சுபலெட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, திருநீறு பூசிய நெற்றியோடு, போனில் சம்பந்தி வீட்டாரிடம் அவர் பேசிக்கொண்டு வந்தார். "கார் இல்லாம எப்பிடி? ஒண்ணு நிக்கில்லா வீட்ல. ஆமா, நம்ம வீட்டுக் காருதான். மாப்பிள்ளைக்குத்தான்னு வச்சுக்கிடுங்க." போனை மடியில் வைத்தார். கார் அப்போது பெரிய பாலத்துக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில் இறங்கியது. பின்னால் லொடக் என்று ஒரு சத்தம், ஏறும்போது இன்னொரு லொடக்.

"லிங்கம், பின்னால என்னமோ லொடக்கு லொடக்குங்கு. மாவை ஏத்தி ஏத்தி வண்டியக் கெடுத்து வச்சிருக்கா. மாப்பிள்ளைகிட்டக் குடுக்கதுக்கு முன்ன சரி பண்ணச் சொல்லு."

லிங்கதுரை திரும்பினான். தன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். பெற்ற பிள்ளைபோல அவள் வைத்திருந்த காரை அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவள் ஓட்ட ஓட்ட, ஒருவன் தூக்கிக் கொடுத்துவிட்டான், அதைக் கேட்ட பிறகு ஒரு மனிதன் என்ன சொல்வான்? "சரி பண்ணணுமாம்" என்றான்.

அடுத்த பள்ளத்தில் அவள் பிரேக்கே போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கார்ச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு புருஷனுக்கு முன்னால் போய் நின்றாள். உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது அவளுக்கு.

"யாரு காரு அது?"

"நம்ம காருதான்."

"நம்மன்னா யாரு யாரு?"

அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். "அண்ணன் வாக்குக் குடுத்துட்டான்லா பிள்ள."

"வாக்குன்னா அவரு வாயில இருக்கதக் குடுக்கணும். என் வாசல்ல நிக்கதக் குடுக்கப்பிடாது. போயிச் சொல்லுங்க."

"நான் எப்பிடிச் சொல்லதுக்கு?"

"இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்கன்னு இம்புட்டு வருசமாச் சொல்லிக்கிட்டுத்தான இருக்கிய? இன்னைக்கு மட்டும் நாக்கு எங்க போச்சு?"

அவன் போகவில்லை. மறுநாள் காலையில் மாவு போட்டு முடித்துவிட்டு அவளே காரை விலக்கில் இருக்கிற இஸ்ரவேலின் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனாள். சரி பண்ணத்தான் போனாள்; கொடுப்பதற்காக இல்லை, ஓட்டுவதற்காக.

இஸ்ரவேல் காரைத் தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே தலையை விட்டு, கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பிப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். "பின்பக்கத்து புஷ் ரெண்டும் போச்சு யக்கா. ரப்பரு. இரும்பும் இரும்பும் முட்டிக்கிடாம நடுவுல கெடக்குமே, அது. அது தேஞ்சு போச்சுன்னா குழியில விழுத அடி பூராவும் நேரா உங்க முதுகுக்குத்தான் வரும்."

"எங்க வீட்லயும் ஒண்ணு நடுவுல கெடக்கு இஸ்ரவேலு" என்றாள் சொர்ணக்கிளி. "அது தேஞ்சு ரொம்ப நாளாச்சு."

இஸ்ரவேல் ஒர்க்ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. பழைய புஷ்ஷைப் பிதுக்கி வெளியே தள்ளி, புதுசுக்குச் சோப்புத்தண்ணீர் தடவி உள்ளே ஏற்றி, போல்ட்டை மாட்டுவான், ஆனால் முறுக்கமாட்டான். சக்கரத்தைப் போட்டு வண்டியைத் தரையில் இறக்கி, பக்கத்து டீக்கடைப் பக்கம் திரும்பி, "பாரத்துக்கு ஆளு!" என்று ஒரு சத்தம் கொடுப்பான். டீக்கடை மைதீன் பாயும், அப்போது அங்கே யார் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்களோ அவர்களும் கிளாஸோடு வந்து வண்டியில் ஏறி உட்காருவார்கள். அவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, இஸ்ரவேல் சாக்கை விரித்து அடியில் படுத்து, அந்தப் பாரத்தோடு போல்ட்டை இறுக்குவான். "ரப்பரு சுத்தாது, முறுகத்தான் செய்யும். எந்த நெலையில முறுக்குதமோ அதுதான் அதுக்கு வீடு. தொங்கவிட்டு முறுக்குனா அது தொங்கணும் தொங்கணும்னே கெடந்து சாவும்" என்பான். விலக்கில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இது மனப்பாடம்.

அன்றைக்கு வேலை பாதியில் இருக்கும்போதே செந்தூர்பாண்டி இஸ்ரவேலுக்குப் போன் போட்டார். "முடிஞ்சுட்டா?" என்றார். வைத்தார். மறுபடியும் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்றார். அவர் வருவதற்குள் முடியாவிட்டால் அந்த விலக்கில் எவன் கடை வைத்திருக்கிறான் என்று பார்க்கிறேன் என்றார். இஸ்ரவேல் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "ஆச்சு அண்ணாச்சி, ஆச்சு அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே, கார் இன்னும் ஸ்டாண்டின் மேல் தொங்கிக்கொண்டிருக்க, இரண்டு போல்ட்டையும் பல்லைக் கடித்து முறுக்கிவிட்டான்.

சக்கரத்தை மாட்டினான். ஸ்டாண்டை இழுத்தான். ஜாக்கியை இறக்கினான். ஜாக்கி இறங்கியது, கார் இறங்கவில்லை.

முன்சக்கரம் தரையில் இருந்தது. பின்சக்கரம் தரைக்கு ஒரு சாண் மேலே சும்மா நின்றது. இஸ்ரவேல் குனிந்து பார்த்தான். மைதீன் பாய் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி வந்து பார்த்தார்.

"மேல வச்சு முறுக்கிட்டியோ?"

"ஆமா பாய்."

"அதான்" என்று சொல்லிவிட்டு அவர் பாலைக் கவனிக்கப் போய்விட்டார்.

கழற்றிப் பார்க்காமல் இல்லை. பாரம் இறங்காத போல்ட் கழலாது என்று நின்றது. ஸ்பானருக்குக் குழாயைச் செருகி மூன்று பேர் தொங்கினார்கள், குழாய்தான் வளைந்தது. காரை எடுத்துப் பார்த்தால் முன்னால் உறுமியது, பின்னால் அந்தரத்தில் ஆணி அடித்ததுபோல அசையவில்லை. "சரி, பாரத்துக்கு ஆளக் கூப்பிடு" என்றார்கள். ஏறினார்கள். கிளாஸோடு ஏறினார்கள், குடும்பத்தோடு ஏறினார்கள், அரிசி மில்லில் இருந்து மூட்டைகளைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். மிட்டாய்க்கடை முதலாளி ஏறினார், அவரைத் தூக்க நாலு பேர் வேண்டும், அவருக்கும் இறங்கவில்லை. கவுன்சிலர் ஒருவர் தொண்டர்களோடு வந்து, மாலையைக்கூடக் கழற்றாமல் ஏறி உட்கார்ந்து, போட்டோவும் எடுத்துக்கொண்டார். சக்கரம் அவரை மதிக்கவே இல்லை, அதற்கப்புறம் அவர் அந்த விலக்கு வழியாக வருவதை விட்டுவிட்டார்.

நாலு நாள் வேடிக்கை பார்த்தார்கள், அதற்கப்புறம் பழகிவிட்டது. பஸ் கண்டக்டர்கள், "தொங்குகாரெல்லாம் எறங்கு!" என்று கூவத் தொடங்கினார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள், சரியான உயரத்துக்கு வந்துவிட்ட பின்பக்க பம்பரில் தூக்குவாளிகளை மாட்டிவிட்டு முடியை அள்ளி முடிந்தார்கள். இடது சக்கரத்துக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டது. ரோட்டோரம் வண்டி நிறுத்தியதற்குக் கேஸ் எழுத வந்த போலீஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டு, வண்டி ரோட்டில் நின்றால்தானே எழுதலாம் என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். யாரோ ஒருத்தி, புது வண்டிக்கு வைப்பதுபோலப் பின்சக்கரத்துக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, மகனுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டாள். கார் இறங்கிப் பழம் நசுங்கினால் காரியம் பலிக்கும் என்று பேச்சு கிளம்பி, வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பழம் வைக்க, சக்கரத்துக்கு அடியில் மஞ்சளாகக் குவிந்து கிடந்தது. நாய்க்குட்டிகள் அவற்றை உருட்டி விளையாடின.

சொர்ணக்கிளிக்கு மட்டும் பழகவில்லை. அவள் மறுபடியும் டவுன் பஸ்ஸில் அண்டாவோடு ஏறினாள். மறுபடியும் கண்டக்டரோடு சண்டை. மாவு நேரத்துக்குப் போய்ச் சேராமல் பஸ்ஸிலேயே புளித்தது. அந்த நாட்களில் அந்தப் பக்கம் முழுக்க ஜனங்கள் புளித்த தோசைதான் தின்றார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தினமும் விலக்கில் இறங்கும்போது காரின் கூரையில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "நீயும் எறங்காத. எல்லாரும் சேந்து என்னையக் கொல்லுங்க" என்பாள். பம்பரில் சூடம் கொளுத்த வந்த ஒருவனை அகப்பையால் அடித்தாள்.

ஊரே வேடிக்கை பார்த்தாலும் செந்தூர்பாண்டி வரவில்லை. கடையில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டார்: "மாவுப் பாரம் ஏத்தித்தான கெட்டுது? மாவையே ஏத்திப் பாக்கச் சொல்லு." லிங்கதுரை வந்து சொன்னான். சொர்ணக்கிளி அண்டாக்களை வெளியே இழுத்துப் போட்டாள். அத்தனை அண்டாவிலும் மாவை வழிய வழிய நிரப்பி, வழக்கமாக வைக்கிற மாதிரியே டிக்கியிலும் பின்சீட்டின் வலது பக்கத்திலும் ஏற்றினாள். ஊர் கூடி நின்று பார்த்தது. எலுமிச்சம்பழத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அப்போதுதான் இஸ்ரவேல், பிதுக்கி எடுத்த பழைய புஷ் இரண்டையும் தேடி எடுத்து, துடைத்து, டீக்கடை மேஜையில் பன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தான். வலது பக்கத்து ரப்பர் வயசுக்குத் தகுந்தபடி வெடித்திருந்தது, அவ்வளவுதான். இடது பக்கத்தது கிழிந்து, நார்நாராகி, உள்ளே இருந்த இரும்புக் குழல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தது. டீ குடிக்க வந்தவர்கள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இடது பக்கம் யார் உட்காருவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மைதீன் பாய்தான், பாலை ஆற்றிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "எந்தப் பாரம் தேச்சுதோ அந்தப் பாரம் வந்தாத்தான் எறங்கும்போல இருக்கு."

சொல் காற்றில் போகும் என்பார்கள், இது பஸ்ஸில் போயிற்று. செந்தூர்பாண்டி விலக்குக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வயல் வழியாக வீட்டுக்கு நடந்தார். "நானா? அந்த மாவு வண்டியிலயா? என்னைக்கோ ஒரு நாளு ஏறியிருப்பேன்" என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் கேட்காமலே சொன்னார். அவர் மகள் சுபலெட்சுமி அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்தக் கார் வேண்டவே வேண்டாம். சித்தி ஓட்டுகிற வண்டியை வாங்கிக்கொண்டு எந்த முகத்தோடு அவள் வீட்டில் தோசை தின்பது என்று அம்மாவிடம் அழுதாள். பிள்ளை அழுதால் கேட்கிற ஆளா அவர்? ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் கேட்டுத்தானே ஆகவேண்டும். "சம்பந்தி, கார் எப்ப எறங்கும்?" என்று அவர்கள் கேட்டார்கள். முகூர்த்தம் நெருங்க நெருங்கக் காலையிலும் கேட்டார்கள், சாயங்காலமும் கேட்டார்கள்.

கடைசியில் தம்பியிடம் சொல்லிவிட்டார். "ராத்திரி ஆளரவம் அடங்குனப் பெறகு வந்து உக்காருதேன். சொல்லு."

"ராத்திரி வாரானாம்" என்றான் லிங்கதுரை.

"ராத்திரி இஸ்ரவேல் கடை கெடையாது. உச்சிப்பொழுதுல வரச் சொல்லுங்க. எல்லா பஸ்ஸும் வந்து நிக்க நேரம்" என்றாள் சொர்ணக்கிளி.

வந்தார். தும்பைப்பூ வேட்டி, தோளில் துண்டு, முகத்தில் ஈயாடவில்லை. விலக்கில் மூன்று பஸ் நின்றது, மூன்றில் இருந்தும் ஜனங்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியிருந்தார்கள். மைதீன் பாய் நாய்க்குட்டிகளைக் கூடையில் அள்ளி அந்தப் பக்கம் வைத்தார். இஸ்ரவேல் சாக்கையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு தயாராக நின்றான். செந்தூர்பாண்டி யாரையும் பார்க்காமல் இடது பின்கதவைத் திறந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்து, எத்தனையோ வருஷமாக உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார்.

கார் இறங்கியது. மாடு படுக்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கியது. அடியில் குவிந்திருந்த எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாகப் பொட்டுப் பொட்டென்று நசுங்கி, சாறு ரோட்டில் ஓடி, அந்த விலக்கு முழுக்க எலுமிச்சை மணத்தது. மகனுக்கு வேலை கேட்டவள் பஸ்ஸுக்குள்ளிருந்து குலவை போட்டாள். மற்றவர்கள் சக்கரத்தைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். செந்தூர்பாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

இஸ்ரவேல் அடியில் படுத்தான். போல்ட் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுக் கழன்றது. அடுத்ததும் கழன்றது. "அண்ணாச்சி, அசையாம இருங்க, இப்பிடியே வச்சு முறுக்கிருதேன்" என்று அடியில் இருந்து குரல் வந்தது.

அப்போதுதான் சொர்ணக்கிளிக்கு உறைத்தது. இப்படியே முறுக்கினால் அவர் பாரம்தான் அந்தக் காருக்கு வீடு. ஆயுசுக்கும் அவர் உட்கார்ந்தால்தான் அது தரையில் நிற்கும்.

"நில்லு இஸ்ரவேலு" என்றாள். சுற்றிக்கொண்டு வந்து இடது பின்கதவைத் திறந்தாள். "எறங்குங்க."

செந்தூர்பாண்டிக்கு அது தன்னிடம் சொன்னது என்றே புரியவில்லை. அவள் தோளைத் தாண்டித் தம்பியைப் பார்த்து, "என்ன சொல்லுதா?" என்றார்.

லிங்கதுரை வாயைத் திறந்தான். "எறங்கச் சொல்..."

"நீங்க சொல்லாண்டாம்" என்றாள் சொர்ணக்கிளி. கதவை இன்னும் அகலத் திறந்தாள். "நான் பெரியத்தான்கிட்டத்தான் பேசுதேன். பெரியத்தான், உங்களை நான் துஷ்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கேன், பல்லு பிடுங்கக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கேன், உங்க பொண்ணு சடங்கானதுலேருந்து நிச்சயம் வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் வண்டி எடுத்திருக்கேன், ஒருநாளு முகம் சுளிச்சதில்ல. ஒரே ஒரு தடவ, கிளி, காரக் குடுக்கியான்னு என் மூஞ்சியப் பாத்துக் கேட்டிருந்தா, கேட்ட வாய்க்காகவே குடுத்தாலும் குடுத்திருப்பேன். என் முதுகப் பாத்துக் குடுத்திய. அதுபோக நான் கெடுத்தேன்னு வேற சொன்னிய. உங்க பாரம் என்னன்னு ஊரு பாத்துட்டு. எறங்குங்க."

மூன்று பஸ்ஸும் போக மறந்து நின்றன. செந்தூர்பாண்டி பதில் சொல்ல வாயெடுத்தார். நேராகப் பேசிப் பழக்கமில்லாத வாயில் லிங்கம் என்றுதான் வந்தது. இறங்கினார். போல்ட் தளர்ந்திருந்ததால் கார் இறங்கின இடத்திலேயே நின்றது.

அவள் அண்டாக்களைக் கொண்டுவந்தாள். டிக்கியில் வைப்பதை டிக்கியில் வைத்தாள், வலது பக்கம் வைப்பதை வலது பக்கம் வைத்தாள். முன்கதவைத் திறந்து ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாள். பிறகு, பக்கத்து சீட்டின் மேல் கையை நீட்டி, இடது கதவை உள்ளிருந்து திறந்து வைத்தாள். அந்தக் கதவுக்கு நேரே லிங்கதுரை நின்றிருந்தான்.

"நீங்க ஏறுதியளா?" என்றாள். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. அந்த நாள் முழுக்க அவள் கோபமில்லாமல் பேசியது அது ஒன்றுதான்.

ஏறுவதற்கு இரண்டு எட்டு வைத்தால் போதும். லிங்கதுரை ஒரு காலைத் தூக்கினான், தூக்கிய கால் அந்தரத்தில் நிற்க, அண்ணன் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"முறுக்கு இஸ்ரவேலு" என்றாள் அவள்.

அவன் பார்வை திரும்பி வருவதற்குள் இரண்டு போல்ட்டும் முறுகிவிட்டன.

கல்யாணத்தன்று செந்தூர்பாண்டி விடவில்லை. ஊர்வாய்க்குப் பயந்து, சுபலெட்சுமி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மாப்பிள்ளையை மாலையோடு கொண்டுவந்து, மாவு இறக்க வந்து மண்டபத்து வாசலில் நின்ற அந்தக் காரில் ஏற்றப் பார்த்தார். மாப்பிள்ளை உட்கார்ந்ததும் பின்சக்கரம் இரண்டும் ஒரு சாண் மேலே எழும்பி நின்றன. இறங்கினால் தரைக்கு வந்தன. இன்னொருவர் ஏறிப் பார்த்தார், எழும்பியது. அவளும் அவள் மாவும் தவிர எந்தப் பாரத்தையும் அந்தக் கார் ஏற்றுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, "இது எங்களுக்கு ஆகாது சம்பந்தி" என்று சொல்லிவிட்டு சாப்பிடப் போனார். பந்தியில் நெய்த்தோசை போட்டிருந்தார்கள், மாவு சொர்ணக்கிளியுடையதுதான், அன்றைக்குப் புளிப்பே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள்.

இப்போதும் செந்தூர்பாண்டி பஸ்ஸில்தான் போகிறார், லிங்கதுரையும் பஸ்ஸில்தான் போகிறான். கண்டக்டர்கள் இன்னமும் அந்த இடத்தைத் தொங்குகார் என்றுதான் கூவுகிறார்கள். ஒரு மழைநாள் காலையில், பஸ் வராமல் நனைந்துகொண்டு நின்ற லிங்கதுரை, மாவோடு வந்த காரைக் கைகாட்டி நிறுத்தினான். அவள் நிறுத்தினாள். முன்கதவைத் திறந்து அவன் ஏறி உட்கார்ந்தான், பின்பக்கம் மெல்ல எழும்பி ஒரு சாண் உயரத்தில் நின்றது. மழைத்தண்ணீர் சக்கரங்களுக்கு அடியில் ஓடியது. இரண்டு பேரும் முன்கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்தார்கள்.

"இஸ்ரவேல்ட்டச் சொல்லி லேசா ஒருக்காக் கழத்தி முறுக்கச் சொல்லேன் பிள்ள" என்றான் அவன், சின்னக் குரலில்.

"அன்னைக்கு ஏறியிருக்கலாம்லா" என்றாள் சொர்ணக்கிளி. சொல்லிவிட்டு வைப்பரை வேகமாக ஓடவிட்டாள். "எறங்குங்க. மாவு புளிக்கும்."

அவன் இறங்கினான். சக்கரங்கள் தரைக்கு வந்தன. கார் அவனைத் தாண்டிப் போய், பாலத்துக்கு முன்னால் இருக்கிற அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. லிங்கதுரை மழையில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டான். லொடக் என்று ஒரு சத்தமும் வரவில்லை.